ஊரில் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகம்

பிள்ளைகளே, ராணுவத்தை விட்டு ஒரு ஆள் வெளியே வரும்போது அவன் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் என்போம். அவனுடைய நம்பர், சேர்ந்த நாள், விட்ட நாள், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். மருத்துவ அட்டைக்குப் போனாலும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கப் போனாலும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். என் புத்தகம் எட்டு வருஷம் என்னிடம் இல்லை. கன்னியாகுமரிப் பக்கத்தில், உங்கள் பெரியப்பா வீட்டு பீரோவில் இருந்தது.

பெரியவளின் நர்சிங் படிப்பு ஒரு வருஷத்தோடு நின்றுபோனதற்குக் காரணம் கப்பல் தாமதம் என்று நான் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொன்னேன், மாதா கோயிலில் சொன்னேன், படகுத்துறை ஜெட்டியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகம் ஏன் ஊரில் இருந்தது என்பதை முதலில் சொல்கிறேன். சுனாமி வந்தபோது, போர்ட் பிளேயர் பக்கத்தில் இந்த வண்டூரில், உங்கள் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டி தண்ணீரோடு போய்விட்டது. ரேஷன் கார்டு, நிலத்துப் பட்டா, ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. தாத்தா அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அலைந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது நான் பட்டாளத்தில் இருந்தேன். லீவில் வரும்போதெல்லாம் தாத்தா ஏதாவது ஒரு அலுவலகத்துக்குப் போயிருப்பார், அல்லது போய்விட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். "நான்தான் நான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறான் மாப்ள" என்பார். அது என் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. பட்டாளம் முடிந்து வண்டூருக்குக் குடிவந்தபோது, முக்கியமான காகிதம் ஒன்றுகூட இந்தத் தீவில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் மட்டும் இல்லை, இங்கே பல பேர் அப்படித்தான். நகையை இங்கே வைத்திருப்பார்கள், காகிதத்தை மெயின்லேண்டில் வைத்திருப்பார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு வருஷம் இங்கே இருப்போம், பிறகு ஊருக்குப் போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெட்டியில் காவல் வேலை கிடைத்தபோதும் இரண்டு வருஷம் என்றேன். உங்களைப் பள்ளியில் சேர்த்தபோதும் இரண்டு வருஷம் என்றேன். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு அறை கட்டியபோது உங்கள் அம்மா சிரித்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு எதுக்குங்க கான்கிரீட்டு? ஓலையே போதுமே."

"எப்ப இருந்தாலும் ஊரு ஊருதான்."

"உங்களுக்கு அது ஊரு. எனக்கு இதுதான் ஊரு. அரே, பிள்ளைங்களக் கேளுங்க, எது ஊருன்னு."

நான் கேட்கவில்லை.

பெரியவள் பன்னிரண்டாவது படித்த வருஷம், ஜனவரியில், சிப்பிகாட் என்ற இடத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முன்னாள் படைவீரர்களுக்காக ஒரு முகாம் நடந்தது. பந்தல் போட்டு வரிசையாக மேஜைகள் வைத்திருந்தார்கள். மருத்துவ அட்டைக்கு ஒன்று, விதவைப் பென்ஷனுக்கு ஒன்று, பிள்ளைகளின் படிப்பு உதவிக்கு ஒன்று. மைதானத்தின் கோடியில், வீட்டுச் சாமானைச் சலுகை விலைக்கு விற்கும் ராணுவக் கேன்டீன் வண்டி நின்றது. நம் கேன்டீன் சாமான் இந்தப் பக்கம் அவ்வளவு லேசில் வராது. அதனால் எல்லா மேஜையிலும் இருந்த கூட்டத்தைவிட அங்கே கூட்டம் அதிகம். உங்கள் அம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள், குக்கர் இருந்தால் விடாதீர்கள் என்று.

நான் கேன்டீன் வரிசையில் என் இடத்தைப் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு, சும்மா இருக்கிற நேரத்தில் படிப்பு மேஜைக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு வங்காளி. நேவியிலிருந்து வந்தவர். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் பேசியது ஹிந்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"பிள்ளைங்க எத்தனை, ஹவல்தார் சாப்?"

"ரெண்டு பொண்ணு. பெரியவ பன்னிரண்டாவது."

"அடுத்து என்ன படிக்கணுங்கிறா?"

"நர்ஸ்."

"அப்படின்னா உங்களுக்கு இந்த வருஷமே வேலை இருக்கு" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நர்சிங் மாதிரி படிப்புக்கு உதவித்தொகை உண்டு, மதிப்பெண் இருந்தால் படிப்பு முடியும் வரை வரும், ஆனால் முதல் வருஷத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், விட்டால் பிறகு கிடையாது என்றார். விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நாங்கள் பதிவு செய்திருக்கும் முன்னாள் படைவீரர் அலுவலகம். "உங்க பதிவு எங்கே?"

"ஊருல, கன்னியாகுமரி மாவட்டத்துல."

"அதை இங்கே மாத்திக்குங்க. புத்தகம் கொண்டுவந்திருக்கீங்களா?"

"மெயின்லேண்டுல இருக்கு சாப்."

அவர் சிரித்தார். இந்தப் பதிலை அன்று அவர் பல தடவை கேட்டிருப்பார் போல. "பரவாயில்லை. நம்பர் ஞாபகம் இருக்குல்ல? இந்தத் தாளை நிரப்பிக் குடுங்க. அங்கே நான் எழுதிக் கேக்கிறேன். புத்தகம் பின்னால வரட்டும். நிறைய நேரம் இருக்கு."

நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு பட்டாளத்துக்காரனைக் கேட்கவே வேண்டியதில்லை. காய்ச்சலில் பிதற்றினாலும் அதைத்தான் பிதற்றுவேன். பேனாவை வாங்கிப் பெயரை எழுதினேன், நம்பரை எழுதினேன். அதற்குக் கீழே நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே வண்டூர் என்று எழுத வேண்டும். எழுதினால்தான் பதிவு இங்கே மாறும். பேனா அங்கே நின்றுவிட்டது. ஊர்ப் பதிவேட்டில் என் பெயரை அடித்துவிடுவார்கள், பெரியப்பா என்ன நினைப்பார், இன்னும் இரண்டு வருஷத்தில் திரும்பவும் மாற்ற வேண்டியிருக்குமே என்றெல்லாம் ஓடியது. அந்த நேரத்தில் கேன்டீன் வரிசையிலிருந்து பக்கத்து ஆள் கையைத் தூக்கிக் கத்தினார்.

"ஹவல்தார் சாப், குக்கர் ரெண்டுதான் பாக்கி. வர்றீங்களா, நான் உங்க வீட்டுக்காரம்மாக்கு பதில் சொல்லணுமா?"

பேனாவைக் கீழே வைத்தேன். "திங்கக்கிழமை புத்தகத்தோட ஆபீசுக்கே வர்றேன் சாப்" என்றேன்.

"சோம்வார், பக்கா?"

"பக்கா."

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புத்தகத்தைத் திங்கள்கிழமைக்குள் எப்படிக் கொண்டுவருவேன் என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. குக்கர் கிடைத்தது. பூரியும் அல்வாவும் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். பஸ்ஸில் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற என்ன சொன்னாங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, மெடிக்கல் கார்டு, பழைய கதைதான்" என்றேன். இதுதான் முதல் பொய். அப்போது அது பொய் மாதிரியே தெரியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ திங்கள்கிழமை போனது. போர்ட் பிளேயருக்கே பல தடவை போனேன். மீன் வலைக்குக் கயிறு வாங்க மச்சானோடு போனேன், பல் வலிக்கு மருந்து வாங்கப் போனேன். அந்த அலுவலகம் இருக்கும் தெருவில் நடந்தும் போயிருக்கிறேன். புத்தகம் இல்லாமல் எப்படி நுழைவது என்று நினைத்துக்கொள்வேன். புத்தகம் தேவையில்லை, நம்பர் போதும் என்று அவர் சொன்னதை மறந்துவிட்ட மாதிரியே இருந்தேன். பெரியப்பாவிடம் கேட்கவும் இல்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பெரியவள் நன்றாக மதிப்பெண் வாங்கினாள். ஊர்ப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. உங்கள் மாமா அவளைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்; அவரிடம்கூடப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லவில்லை. கல்லூரிச் செலவை எப்படியோ சமாளித்தோம். விடுதிச் செலவுக்கு முதல் வருஷம் மட்டும்தான் வழி இருந்தது. மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவள் போன் செய்தாள்.

"ப்பா, ஆர்மிக்காரங்க பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்காம். என் ரூம்ல ஒருத்தி போட்டுட்டா. உங்க ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணுமாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மக்ளே. பாத்துக்கிடுதேன்."

"கடைசித் தேதி கிட்ட வந்துருச்சுப்பா."

அன்றைக்கே ஓடினேன். அலுவலகத்தில் அந்த வங்காளி விடுப்பில் இருந்தார். வேறொருவர் பொறுமையாகத்தான் பேசினார். இனி ஊருக்கு எழுதிக் கேட்டுப் பதில் வர நேரம் போதாது, ஆனால் அசல் புத்தகம் கையில் வந்தால் ஒரே நாளில் பதிவு மாற்றிச் சரிபார்த்துத் தருகிறோம் என்றார். ஊர் அலுவலகத்துக்குப் பெரியப்பாவை அனுப்பினேன். ஆள் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குடியிருக்கிற இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாமே என்றும் சொன்னார்களாம். விமான டிக்கெட் அந்த வாரம் எனக்கு எட்டுகிற விலையில் இல்லை. புத்தகத்தையாவது கூரியரில் போடுங்கள் என்றேன்.

"லேய், கூரியரா? தொலைஞ்சுதுன்னா ஒனக்கு ஆருடே இன்னொரு புஸ்தகம் தருவா?" என்றார் பெரியப்பா. "பத்திரமா வையின்னு சொன்னதும் நீதான், எடுத்து வீசுன்னு சொல்லுததும் நீதானா?"

"ஃபோட்டோவாவது எடுத்து அனுப்புங்கண்ணே."

அனுப்பினார். பாதிப் பக்கத்தில் அவர் கட்டைவிரல்தான் இருந்தது. அது உதவவும் இல்லை, அசல்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில், கல்யாணத்துக்கு ஊர்ப் பக்கம் போயிருந்த நம் மாதா கோயில் பங்குக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து கப்பலில் திரும்புகிறார் என்று தெரிந்து, பெரியப்பா அவர் கையில் கொடுத்துவிட்டார். கடலில் புயல் சின்னம். கப்பல் இன்று கிளம்பும், நாளை கிளம்பும் என்றார்கள். கிளம்பி வந்து சேர்ந்தபோது கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. புத்தகத்தைத் துணிப்பையில் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார் அந்த நல்ல மனுஷன். அவரிடம் நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை.

பதிவை அன்றைக்கே மாற்றிக்கொண்டேன். நிரந்தர முகவரியில் வண்டூர் என்று எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் பெரியவளுக்கு இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, "கப்பல் கவுத்துருச்சு" என்றேன். கப்பல்மேல் பழி போட்டால் இந்தத் தீவில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தன் கதையைச் சொன்னார்கள். ஒருவருக்குத் தங்கை கல்யாணம் தப்பியது, ஒருவருக்கு இன்டர்வியூ தப்பியது. உங்கள் அம்மா கப்பல் கம்பெனியைத் திட்டினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் வருஷம் முடிந்து பெரியவள் வந்தாள். அடுத்த வருஷத்துக்கு என்ன செய்வது என்று நாங்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவளே சொன்னாள். "நான் இங்கயே இருந்துக்கிடுதேன்ப்பா. தபால்ல ஏதாவது படிக்கிறேன். அடுத்து இவளும் இருக்காள்ல." அவள் அம்மா அந்த வெள்ளைச் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தாள். திரும்பப் போடப் போவதில்லை என்று தெரிந்தும் இஸ்திரி போட்டாள். வெள்ளை ஷூவைச் சின்னவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள். அளவு கொஞ்சம் பெரிது, நுனியில் துணி அடைத்துக்கொண்டாள். அவள் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் நான் ஜெட்டிக்குச் சீக்கிரமாகவே கிளம்பிவிடுவேன்.

பெரியவளுக்குப் படகு டிக்கெட் கவுன்டரில் வேலை கிடைத்தது. கெட்டிக்காரி, நாலு பாஷையில் டிக்கெட் கிழிக்கிறாள். ஒருநாள் படகில் ஒரு வயதான பயணிக்கு மயக்கம் வந்து எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, இவள் கவுன்டரைப் பூட்டிவிட்டு வந்து, அந்த அம்மாவைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆம்புலன்ஸ் வந்த பிறகு அவள் திரும்பிப் போய்க் கவுன்டரைத் திறந்தாள்.

போன வருஷம் சின்னவளுக்கு மெயின்லேண்டில் பிசியோதெரபிக்கு இடம் கிடைத்தது. இந்தத் தடவை காகிதம் எல்லாம் வீட்டில் இருந்தது. கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டது பெரியவள்தான். அசலைக் காட்டிச் சரிபார்க்க நானும் அவளும் அலுவலகம் போனோம். மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைக் கயிற்றில் கட்டியிருந்த அதே வங்காளி. என்னை உற்றுப் பார்த்தார்.

"அரே, குக்கர் ஹவல்தார் சாப்" என்று சிரித்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டே பெரியவளிடம் பேசினார். "மகளே, உங்கப்பா பெரிய ஆளு. சிப்பிகாட் கேம்ப்ல, நம்பர் மட்டும் எழுதிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்னு சொல்றேன். பேரு எழுதினார், நம்பர் எழுதினார், முகவரி எழுதல. பேனாவை வெச்சுட்டு குக்கர் லைனுக்கு ஓடிட்டார். சோம்வார் வர்றேன்னார். எத்தனை சோம்வார் போச்சு, நான் அந்தத் தாளை ரொம்ப நாள் வெச்சிருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நர்சிங் சொன்னீங்களே, அந்தப் பெரிய பொண்ணுக்குக் கிடைச்சுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "நான்தான் அங்கிள் பெரிய பொண்ணு. எனக்கு அது தேவைப்படல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வேலையை மட்டும் பார்த்தார்.

வண்டூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. கராச்சர்மா நிறுத்தம் தாண்டியதும் கேட்டாள்.

"அந்த கேம்ப் எப்பப்பா நடந்துச்சு?"

"நீ பன்னிரண்டாவது படிக்கும்போது."

"அதுல எப்ப?"

"ஜனவரி."

அங்கிருந்து கடைசித் தேதி வரை மாதங்களை விரல் மடக்கி எண்ணினாள். பத்து விரலையும் எண்ணி முடித்துக் கையை மடியில் வைத்தாள். "கப்பல்னு சொன்னீங்க."

"சொன்னேன் மக்ளே."

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. பட்டாளத்தில் தப்பு செய்தால் மேலதிகாரியிடம் நேராக நின்று சொல்லிவிடுவோம், தண்டனையை வாங்கிக்கொள்வோம். பெற்ற பிள்ளையிடம் எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் டிரில் சொல்லித் தரவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இறங்குகிற இடம் வந்ததும் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாலைந்து நாள் வீட்டில் என்னிடம் தேவையானதை மட்டும் பேசினாள். பிறகு ஒரு மாலை, கவுன்டரை அடைத்துவிட்டு, ஜெட்டி கேட்டில் நான் நிற்கிற இடத்துக்கு வந்தாள்.

"ப்பா, இத அவகிட்ட சொல்லிராதீங்க."

"சின்னவள்கிட்டயா? சொல்லணும்னுதான் நெனச்சேன். எத்தனை நாள் மறைக்கிறது?"

"அவ படிக்கட்டும். இப்பச் சொன்னீங்கன்னா, என் இடத்துல அவ உக்காந்திருக்கான்னு நெனப்பா. புஸ்தகத்தத் திறக்கும்போதெல்லாம் நெனப்பா. அவளுக்கு எதுக்கு அது?" கவுன்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள், "அவ முடிச்ச பெறகு சொல்லிக்கிடுங்க. அம்மாகிட்டயும் அப்பவே சொல்லுங்க. இப்பச் சொன்னா அம்மா குக்கரத் தூக்கிக் கடல்ல போட்டுரும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்காக அல்ல, தங்கைக்காகத்தான் அவள் இதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதனால் எனக்கும் நிழல் கிடைத்துவிட்டது. அந்த நிழலில் நிற்பது வெயிலில் நிற்பதைவிடக் கஷ்டம்.

அதனால்தான் எழுதுகிறேன். சின்னவள் படிப்பை முடிக்கும் நாளில் இதை உங்கள் இருவர் கையிலும் கொடுப்பேன். அம்மாவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் டிரங்குப் பெட்டியில் இருக்கும். பெரியவளே, அந்தத் தாளை நான் நிரப்பாமல் விட்டது மறதியால் அல்ல என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பேனா கையில் இருந்தது. இந்த இடம்தான் என் இடம் என்று எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதற்கு நீ விலை கொடுத்தாய்.

சின்னவளுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த அன்று பெரியவள் ஜிலேபி வாங்கி வந்தாள். முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தாள்.

போன மாதம் சின்னவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். படித்ததைக் காட்டுகிறேன் என்று அக்காவைக் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தடுமாறினாள். படுத்தபடியே அக்கா சரியான பெயரைச் சொன்னாள்.

"இன்னும் மறக்கலையா நீ?" என்றாள் சின்னவள். "ச்சே, அந்தக் கப்பல் மட்டும் ரெண்டு நாள் முன்னால வந்திருந்தா, நீ ஊசி போட நான் காலப் பிடிச்சுவிட, ஒரு ஆஸ்பத்திரியே நடத்தியிருக்கலாம். இல்லப்பா?"

பெரியவள் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமா, பாழாப்போன கப்பல்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பெரியவள் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்ப, இருவரும் என் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் "ஆமா மக்ளே" என்றேன்.